தோளுக்குப் பின்னால்

நாற்பதடி ஆழத்தில் மங்கையர்க்கரசியின் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. பதற்றத்தில் அவள் மூக்கால் மூச்சை இழுத்துவிட்டாள். உப்புநீர் நெற்றிவரை சுரீரென்று ஏறியது. மேலே பாயப் போனவளைப் பயிற்சியாளன் அமல்தாஸ் தோள்வாரைப் பிடித்து நிறுத்தினான். மூச்சை அடக்கியபடி வேகமாக ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும். அவள் வாயிலிருந்த காற்றுக்குழாய் நழுவாதபடி ஒரு கையால் அழுத்திக்கொண்டு, முகத்துக்கு நேரே முகம் வைத்து அவள் கண்களையே பார்த்தான். அவள் குழாய்க்குள்ளேயே இருமினாள். இருமல் குமிழிகளாக மேலே போயிற்று. அடுத்த மூச்சில் காற்று வந்தது. தண்ணீருக்குள் இருமியும் உயிரோடிருப்பதை அவளால் நம்ப முடியவில்லை. மூக்கால் ஊதிக் கண்ணாடியிலிருந்த நீரை வெளியேற்றியபோது, அவன் தோளுக்குப் பின்னால் கடலே நகர்வதுபோல் இருந்தது. உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு திமிங்கலச்சுறா எந்த அவசரமும் இல்லாமல் கடந்துகொண்டிருந்தது. தலை போய் வால் வர வெகுநேரம் ஆனது. அவள் கை நீட்டிக் காட்டினாள். மேலே போகத் துடிக்கிறாள் என்று நினைத்து அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

படகில் ஏறியதும், "அப்புறம் எப்படி மேடம் அவ்ளோ அமைதியாயிட்டீங்க?" என்று கேட்டான். அவள் கண்டதைச் சொன்னாள். ஈர உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அவன் கைகள் நின்றன.

"பதினோரு வருசமா முங்குறேன். ஒரு தடவகூடக் கண்ணுல பட்டதில்ல."

"ஒரு நிமிஷம் திரும்பியிருக்கலாமே தம்பி."

"உங்க கண்ண விட்டுட்டு எப்படித் திரும்புறது?" என்றவன், ஈர உடுப்பை அப்படியே விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பிக் கேட்டான்: "அதோட வாய் தொறந்திருந்துச்சா மேடம்?"