இடது கட்டைவிரல்

ஒட்டிலியாவின் இடது கையிலிருந்து போன் மறுபடியும் நழுவி மேசைமேல் விழுந்தது. திரையின் வலது ஓரத்தில், கீழே இருந்த சிவப்புப் பட்டனுக்கு அவள் கட்டைவிரல் எட்டவில்லை.

இறைச்சி அடைத்துப் பொரித்த எம்பனாதாவைக் கடித்தபடியே ஃபப்ரீசியோ சிரித்தான். "உன் கட்சி ஆளுதான் வந்திருக்காங்க, நெரினா. இடது கை."

நெரினாவுக்குக் குமட்டியது. அந்தச் சிரிப்பாலா, அவன் மோவாயில் வழிந்த எண்ணெயாலா என்று அவளுக்கே தெரியவில்லை. ரொசாரியோ நகரத்தில் அந்தச் சின்ன அலுவலகத்துக்கு அவன்தான் முதலாளி. திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று அவன் சொல்வான், அவள் வரைவாள். பிறவியிலேயே இடது கைக்காரி.

அவர்கள் செய்துகொண்டிருந்தது விளையாட்டுச் செயலி அல்ல. வீட்டில் அடி உதை படும் பெண்கள் அந்தச் சிவப்புப் பட்டனை ஒரு தரம் அழுத்தினால், அவர்கள் இருக்கும் இடம் போலீசுக்குப் போய்விடும். வெளியிடுவதற்கு முன் முயன்று பார்த்துச் சொல்ல, பெண்கள் உதவி மையத்திலிருந்து ஒட்டிலியாவை அனுப்பியிருந்தார்கள். சலவைக் கடையில் வேலை பார்க்கிறவள், ஐம்பதை நெருங்குகிறவள்.

"இன்னொரு கையால அழுத்துங்களேன், செனோரா," என்றான் ஃபப்ரீசியோ. "அதுல என்ன கஷ்டம்?"

"ஒரு கையாலயே அழுத்த முடியணுங்க," என்றாள் ஒட்டிலியா மெதுவாக.

நெரினா அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். கோப்பையை இடது கையில் பிடித்துக்கொண்டு சர்க்கரையைக் கலக்கினாள் ஒட்டிலியா. கண் மட்டும் அந்தப் போனை விட்டு அகலவில்லை.

"பட்டனை நடுவுல வெச்சிடலாம்," என்றாள் நெரினா. "எந்தக் கைக்கும் எட்டும்."

"நடுவுல அறக்கட்டளையோட சின்னம் இருக்கு. காசு குடுக்கறவங்களை ஓரமாப் போய் நில்லுங்கன்னு சொல்லவா?"

"உசுருக்குப் பயந்து ஓடறவ சின்னத்தையா அழுத்தப் போறா?"

"பத்துப் பேர்ல ஒருத்தர் இடது கை. அந்த ஒருத்தருக்காக எல்லாத்தையும் பிரிச்சுப் போடணுமா? செட்டிங்ஸ்ல ஒரு மூலைல இடது கைக்குன்னு ஒண்ணு போட்டு விடு. வேணுங்கறவங்க தேடிக்கட்டும்."

சொல்லிவிட்டு, பிசுபிசுத்த விரலைக் காற்சட்டையில் துடைத்து, அதே விரலால் திரையைத் தட்டிக் காட்டினான். சிவப்புப் பட்டன்மேல் எண்ணெய் ரேகை அப்படியே பதிந்தது.

நெரினா அந்த ரேகையையே பார்த்தாள். உதை வாங்குகிறவள் செட்டிங்ஸில் தேடிக்கொண்டு இருக்க வேண்டுமாம். இவனோடு ஒரே மாத்தே தேநீர்க் குழலில் வாய் வைத்து இத்தனை வருஷம் உறிஞ்சியிருக்கிறோமே என்று நினைத்தபோது, எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வர வேண்டும் போலிருந்தது.

கொப்பளிக்கப் போகவில்லை. கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். சின்னத்தைச் சுருக்கி மேலே ஏற்றினாள். திரையின் கீழ்ப்பாதி முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, சிவப்புப் பட்டனை விரித்தாள்.

"யாரைக் கேட்டுப் பண்ற?"

"பண்ணியாச்சு. பழையபடி வேணும்னா நீங்களே உக்காந்து பண்ணிக்கோங்க. என்னை விட்டுடுங்க."

"வேலை வேணாமா உனக்கு?"

"இப்படிப் பண்ற வேலை வேணாம்."

ஃபப்ரீசியோ அவளை ஒரு பார்வை பார்த்தான். செயலி வெளியாக இன்னும் ஒரு வாரம்தான். இவள் போனால் வரைய வேறு ஆள் இல்லை. "அறக்கட்டளைக்கு நீயே பதில் சொல்லிக்கோ," என்று முனகிவிட்டு, எண்ணெய்க் காகிதத்தை மேசையிலேயே போட்டுவிட்டு எழுந்து போனான்.

நெரினா போனைத் துடைத்து, புதிய திரையை ஏற்றி நீட்டினாள். ஒட்டிலியா இடது கையில் வாங்கினாள். விரல்கள் மூடுவதற்குள் கட்டைவிரல் பட்டனில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள். இம்முறையும் தப்பவில்லை.

நெரினாவுக்கு மனசு நிறைந்தது. "நம்மள மாதிரி இடது கைக்காரங்களை இவங்க மனுஷங்களாவே நினைக்கறதில்ல, செனோரா."

ஒட்டிலியா புரியாமல் நிமிர்ந்து பார்த்தாள். "நான் வலது கைக்காரிம்மா."

"அப்போ எதுக்கு இடது கைலயே..."

"வலது கையை அவரு முறுக்கிப் பிடிச்சிருப்பாரே."