சுத்தினது யாரு?

“அன்னிக்கு என் ரத்தத்தைச் சுத்தினது யாருங்க? அந்த ஆளை முதல்ல கூப்பிடுங்க!”

டைல்ஸ் மேஸ்திரியின் குரல் டாக்டர் அறையின் கண்ணாடிக் கதவைத் தாண்டி லேப் வரைக்கும் வந்தது. டியூபில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த லேப் பெண்ணுக்குக் கை அப்படியே நின்றது. மெஷினில் வைத்துச் சுத்தினது அவள்தான்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. யாராவது ஒருத்தர் வாயில் விழுந்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

உள்ளே போனாள். மேஸ்திரி வலது காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்குப் பின்னால் அவர் சம்சாரம், சுவரோடு சுவராக.

“நீதானா? ஏம்மா, என் கையிலேயே ரத்தத்தை எடுத்து, ராட்டினம் மாதிரி சுத்திவிட்டு, மேல தெளிஞ்ச மஞ்சத் தண்ணியை என் முட்டியிலேயே திருப்பிக் குத்துனீங்க. கிழிஞ்ச சவ்வு தானா ஆறிடும்னீங்க. எங்கே ஆறுச்சு?”

“அண்ணே, சில பேருக்கு நாளாகும்...”

“நீங்க சொன்ன நாளெல்லாம் எப்பவோ போயாச்சு! மத்தவங்க தப்புப் பண்ணினா முட்டி போடுவாங்க. நான் சோத்துக்கே முட்டி போடுறவன். தரையில ஊனினா உயிர் போகுது. இந்த வேலையை விட்டா எனக்கு என்ன தெரியும்?”

மேஸ்திரி முட்டியைத் தடவிக்கொண்டார்.

“வலி மாத்திரை போட்டா ஊசி வேலை செய்யாதுன்னீங்க. ஒண்ணைக்கூடத் தொடலை. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். இதோ நிக்கிறாளே, இவளைக் கேளுங்க.”

சம்சாரம் தலையை மட்டும் ஆட்டினாள்.

“அப்புறம் டாக்டர், இன்னொண்ணு. மெஷின்ல என் டியூபுக்கு எதிர்ல இந்தப் பாப்பா வேற ஒரு டியூப் வச்சா. அதுல வெறும் தண்ணி. என் கண்ணால பார்த்தேன்.”

“ரெண்டு பக்கமும் எடை சமமா இருக்கத்தான் அண்ணே. இல்லேன்னா மெஷின் குதிக்கும்.”

“அந்தத் தண்ணியை ஊசியில ஏத்தலைன்னு என்ன நிச்சயம்?”

அவளுக்குச் சுருக்கென்றது. டாக்டரைப் பார்த்தாள். அன்றைக்கு அவரும் பக்கத்தில்தானே நின்றார்? இப்போது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா?

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“தப்பு எங்க பக்கம்தான் மேஸ்திரி. மெஷின் சுத்தினது பத்தாம போயிருக்கும். இன்னிக்கே மறுபடி போட்டுடறேன். பைசா வேண்டாம்.”

“பார்த்தியா, ஒத்துக்கிட்டார்!” மேஸ்திரி சம்சாரத்தைத் திரும்பிப் பார்த்தார். “நான் அப்பவே சொன்னேன்ல? எனக்கு ஒரு சந்தேகம் வந்தா அது தப்பாப் போகாது.”

டாக்டர் எழுந்து லேபுக்கு வந்தார். லேப் பெண் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

“சார், அன்னிக்கு வேகம் சரியாத்தானே இருந்துச்சு?”

“இருந்துச்சு.”

“நீங்களும் பார்த்தீங்கல்ல?”

“பார்த்தேன்.”

“அப்புறம் ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?”

“ரத்தம் எடுக்கத் தயார் பண்ணும்மா. அவர் காத்துக்கிட்டிருக்கார்.” முகத்தைப் பார்க்காமலேயே வெளியே போய்விட்டார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊசியைக் குத்தினது இவர். குத்தின இடம் பிசகியிருக்கும். வாசலில் இவ்வளவு பெரிய போர்டு மாட்டிக்கொண்டு அதைச் சொல்ல முடியுமா? பழி சுமக்க ஒரு இளிச்சவாய் வேண்டும். இலவசம் என்று வேறு வாயை அடைத்தாயிற்று. மடியில் கனமில்லாத மனுஷன் எதற்கு இப்படி இறங்கிவருவார்?

வேலை போனாலும் போகட்டும். மேஸ்திரியிடம் நேராகவே சொல்லிவிடுவது என்று கதவைத் திறந்தாள்.

வாசலில் மேஸ்திரியின் சம்சாரம் நின்றுகொண்டிருந்தாள். சட்டென்று இவள் கையைப் பிடித்து நடைபாதை ஓரத்துக்கு இழுத்தாள்.

“தங்கச்சி, உன்மேல ஒரு தப்பும் இல்லை. எல்லாம் நான் பண்ணினது.”

“என்னக்கா சொல்றீங்க?”

“ஊசி போட்டுட்டு வந்து தலகாணியைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தார். ஒரு முனகல்கூட வெளிய விட மாட்டார். பக்கத்துல படுத்துக்கிட்டு எத்தனை நாள் பார்க்கறது? வலி மாத்திரையைப் பொடிச்சு அவருக்குத் தெரியாம பால்ல கலந்து குடுத்துட்டேன். தினமும்.”

லேப் பெண் டாக்டர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“நேத்து டாக்டருக்கு போன் பண்ணி அழுதேன். எங்க வீட்டுக்காரர் சந்தேகப் பிராணி தங்கச்சி. நான் கலந்தேன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் என் கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டார். ‘உங்க பேரு வெளிய வராதும்மா, மெஷின் மேல போட்டுக்கறேன்’னார் டாக்டர். அது உன் தலையில விடியும்னு எனக்குத் தெரியாது. நீ அங்கே நின்ன நிலையைப் பார்த்ததும்... வேண்டாம், நானே போய்ச் சொல்லிடறேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்புவதற்குள், அறையிலிருந்து மேஸ்திரியே நொண்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

“என்ன, ரெண்டு பேரும் ரகசியம் பேசறீங்க? இன்னிக்கும் இந்தப் பாப்பாதான் சுத்தப் போகுதா?”

சம்சாரம் வாயைத் திறந்தாள். லேப் பெண் அவளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“ஆமா அண்ணே. அன்னிக்கு நான்தான் வேகத்தைக் குறைச்சு வச்சுட்டேன். அக்காகிட்ட அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருந்தேன்.”