ப்ளகின் வைத்திருந்த பட்டியல்

ஒரு கணினியில், எழுத உதவும் எடிட்டர் ஒன்று இருந்தது. அதில் புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட ப்ளகின் என்ற துணை நிரல், எந்தப் பக்கம் திறக்கிறது, எது மூடுகிறது என்று வந்த நாளிலிருந்து ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டே இருந்தது. அதில் அதற்கு அப்படியொரு பெருமை.

அன்று வேலை முடிந்து மூடப்போனபோது எடிட்டர் மூடிக்கொள்ள மறுத்தது. "சேமிக்காத பக்கம் ஒண்ணு திரைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு."

எழுதிக்கொண்டிருந்த பெண்மணி எரிச்சலானார். "இந்த ப்ளகின் வந்ததிலிருந்துதான் தொல்லை. இன்னிக்கே தூக்கிடறேன்."

"இருங்கண்ணே, நான் பிடிச்சுத் தர்றேன்" என்று எடிட்டரிடம் சொல்லிவிட்டு ப்ளகின் ஓடியது. திறந்திருந்த பக்கங்களில் முதலில் கடிதத்தைப் பிடித்து உலுக்கியது. "என்னை நேத்தே சேமிச்சாச்சுப்பா" என்றது கடிதம். சமையல் குறிப்பை அதட்டியது, அதுவும் சேமித்ததுதான். இருந்த பக்கங்களையெல்லாம் வெளியே தள்ளிய பிறகும் எடிட்டர் அசையவில்லை.

"இன்னும் ஒண்ணு உள்ளே இருக்கு தம்பி."

"சத்தியமா இல்லண்ணே! எல்லார் பேரும் பட்டியல்ல இருக்கு, பாருங்க."

எடிட்டர் கொட்டாவி விட்டது. "அந்தப் பட்டியலை எந்தப் பக்கத்துல எழுதினே?"

ப்ளகின் அக்கம்பக்கம் பார்த்தது. பட்டியலை மெல்ல முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, குரலைத் தாழ்த்தியது.

"இது நம்ம ஆளுண்ணே."