சம்பந்தி எரித்த பணம்

சாக்கின் வாயைப் பிரித்து, சம்பந்தி சியா கட்டுக் கட்டாக நோட்டுகளை வாசலில் மூட்டிய நெருப்பில் போட்டார். ஒவ்வொரு நோட்டும் ஐந்து லட்சம் யுவான். சர்க்கார் அச்சடித்த அசல் நோட்டு.

பெரியவர் லூவின் முகம் இறுகியது. இறந்தவர் அவருடைய அண்ணன். துக்கத்தின் கடைசி நாளில், மேலுலகச் செலவுக்கென்று போலிக் காசு எரிப்பது ஷாங்காயில் எல்லா வீட்டிலும் உண்டு. லூ வீட்டுத் தட்டிலும் அதுதான் இருந்தது, ஈயக் காகிதம் ஒட்டிய கடைச் சரக்கு. அண்ணன் மகளை எடுத்த வீட்டார் அசலை எரிக்க, பெண் கொடுத்த வீட்டார் போலியை எரிப்பதா?

இதென்ன பொம்மைக் காசு என்று மருமகள் சூலானிடம் பல்லைக் கடித்தபடி கேட்டார். அதை வாங்கப் பட்ட பாட்டை அவள் சொல்ல வந்தாள். அவர் கையமர்த்தினார். அண்ணன் போனதிலிருந்து துக்கம் காத்து அவர் வாசலை விட்டுத் தெருவில் இறங்கியதில்லை. கடைத்தெருவும் அங்கே வேளைக்கு வேளை ஏறும் விலையும் அவள் பாடு.

சந்தே கூடி நின்றது. காற்றில் பறந்த நோட்டு ஒன்று ரிக்‌ஷாக்காரனின் காலடியில் விழுந்தது. அவன் குனியவில்லை. துக்க வீட்டுக்குக் காட்டும் மரியாதை என்று லூ எடுத்துக்கொண்டார்.

சியா காலிச் சாக்கை உதறினார். "வண்டியில இன்னொரு சாக்கு இருக்கு சம்பந்தி. எடுத்தாரச் சொல்லவா?"

லூவுக்குச் சுருக்கென்றது. உள்ளே போனவர், மென்மயிர் வைத்துத் தைத்த தம் பட்டு அங்கியோடு வந்தார்.

சூலான் குறுக்கே நின்றாள். "மாமா, விக்கறதுக்குன்னு வீட்டுல மிச்சமிருக்கிறது இது ஒண்ணுதான்."

"எங்க அண்ணன் அங்க போயும் சம்பந்தி காசுல காலந்தள்ளணுமா? தள்ளி நில்லு."

அங்கி நெருப்பில் விழுந்தது. ரிக்‌ஷாக்காரன் அப்போதுதான் பதறி ஓரடி முன்னால் வந்தான். கூட்டத்தில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். லூ நிமிர்ந்து நின்றார். லூ குடும்பம் யாருக்கும் இளைத்ததில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

சியா அருகே வந்தார். அவர் பார்வை நெருப்பில் இல்லை, ஈயக் காசுத் தட்டில் இருந்தது. அதில் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறர் காதில் விழாதபடி சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. போலிக் காசு வாங்க எங்களுக்கு வசதியில்ல."