மாதிரிக்கு ஒரு கண்

ஸ்டூடியோ ஸ்டூலை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டான்.

"தாடையைக் கொஞ்சம் தூக்கு, ஆதிரா."

மகள் தூக்கினாள். ஐந்து வயது. வலது கண்ணின் மேல் பஞ்சு வைத்து ஒட்டிய கட்டு. உள்ளே கட்டி என்று அந்தக் கண்ணை மாசியில் எடுத்துவிட்டார்கள்.

இப்போது இடது கண்ணிலும் அதுவே. எந்த ஊசிக்கும் அடங்கவில்லை. நாளை காலை மதுரையில் அதையும் எடுக்கிறார்கள்.

எடுக்காவிட்டால் பிள்ளை மிஞ்சாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடுத்தால் மிஞ்சும் என்று அவர் சொல்லவில்லை.

அவளிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

செயற்கைக் கண் செய்கிறவர்தான் படம் கேட்டார். ஒரு கண் இருந்தால் அதைப் பார்த்து மற்றதை வரைந்துவிடுவாராம். இரண்டும் போன பிறகு எதைப் பார்த்து வரைவது? ரொம்பக் கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும். நிறம் மாறக் கூடாது.

"நீங்களே போட்டோகிராபர்தானே சார்," என்றார். "நல்லதாப் போச்சு."

அவன் பிளாஷ் போடவில்லை.

நேராக வெளிச்சம் விழுந்தால் கண்மணி வெள்ளையாக மின்னும், இருட்டில் பூனைக்கு மின்னுவது போல. நோய் முதலில் தெரிந்ததே அப்படித்தான். பக்கவாட்டில் விழும் ஜன்னல் வெளிச்சத்தில் அது கறுப்பாகவே இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பது போல.

மறுபக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினான். இமை மயிர்களின் நிழல் தணிந்தது.

கல்யாணப் படங்களில் மணப்பெண்ணின் கண்ணைச் சட்டத்தின் ஓரத்தில் வைப்பான். மீதி இடத்தில் கொஞ்சம் நெற்றிச்சுட்டி, கொஞ்சம் வெட்கம். இது அழகுக்கு எடுக்கிற படம் இல்லை. கருவிழி நட்டநடுவில் வர வேண்டும்.

லென்ஸ் வழியே பார்த்தான். கண்ணுக்குள் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் அவனும் தெரிந்தான். கேமராவும் கையுமாக, குனிந்து.

அது கூடாது. நிறம் தெரிய வேண்டிய இடத்தில் அவன் சட்டை விழுந்து கிடந்தது.

பின்னணிக்குத் தொங்கவிடும் கறுப்புத் துணியை எடுத்து, அவளுக்கும் தனக்கும் நடுவில் கட்டினான். லென்ஸ் நுழைகிற அளவுக்கு அதில் ஓட்டை வெட்டினான்.

"அப்பா, எங்க இருக்க?"

"இங்கதான்டா. அந்த வட்டத்தையே பாரு. ஆடாம."

பார்த்தாள்.

அவள் கண் கறுப்பு என்றே நினைத்திருந்தான். இல்லை. வறுத்த காபிக்கொட்டையின் நிறம். ஓரத்தில் மெலிதாகச் சாம்பல். கண்மணியைச் சுற்றி, நார் நாராகப் பிரிந்து, கருப்பட்டிப் பாகு போல ஒன்று. அதற்குக் கீழே ஒரு மச்சம்.

கண்ணுக்குள் மச்சம்.

பிறந்ததிலிருந்து கொஞ்சுகிறான். பார்த்ததில்லை.

ஒரு படத்தில் கருவிழி மங்கி இமை மயிர் தெளிவாக விழுந்தது. அழித்தான். ஒன்றில் மூச்சுவிட்டதில் அசைந்துவிட்டாள். ஒன்றில் மேலிமை இறங்கிவிட்டது. பிறகு ஒன்று சரியாக வந்தது. அதைவிடச் சரியாக ஒன்று.

வேலை நடக்கிற வரைக்கும் நாளைக் காலை நினைவுக்கு வரவில்லை. அதனால் வேலையை விடவும் மனமில்லை. இன்னொன்று எடுத்தான். இன்னொன்று.

மனைவி மாரீஸ்வரி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். மாலை ரயிலுக்குக் கட்டிய பை தோளில் தொங்கியது.

"ஏங்க."

"ஒரு நிமிஷம்."

"இருக்கிற பொழுதெல்லாம் அவ அந்தக் கறுப்பையேதான் பாக்கணுமா?"

அவன் விரல் பொத்தான்மேல் நின்றது.

துணியைப் பிடித்து இழுத்தான். கட்டியிருந்த ஆணியோடு சேர்ந்து வந்தது.

ஆதிரா கண்ணைச் சிமிட்டினாள். வெகுநேரம் இமைக்காமல் வைத்திருந்த கண். நீர் கோத்து வழிந்தது.

"முடிஞ்சிருச்சாப்பா? நல்லா வரலைன்னா நாளைக்கும் பிடிக்கலாம்."

"வந்திருச்சுடா," என்றான். "நல்லாவே வந்திருச்சு."

மாரீஸ்வரி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூவரும் படியிறங்கினார்கள்.

கோவில்பட்டி மெயின் ரோட்டில் எல்லாம் இருந்தன. பச்சை பஸ், சிவப்பு பஸ். கடலைமிட்டாய்க் கடையின் கண்ணாடி ஜாடிகள். மைக்செட் ஏற்றிய ஆட்டோ. நடுரோட்டில் படுத்து அசைபோடும் மாடு. எல்லாவற்றின் மேலும் வெயில்.

"என்ன பாக்கணும், சொல்லு," என்றாள் மாரீஸ்வரி. "எது வேணாலும் சொல்லு. அம்மா காட்டுறேன்."

"கடல் பாக்கணுமாடா?" என்று அவன் முந்திக்கொண்டான். "தூத்துக்குடி போயிருவமா? காரு பிடிச்சிருவோம். இப்பவே."

ரயில் நேரம் மாரீஸ்வரிக்கும் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டினாள். போகலாம் என்று.

ஆதிரா யோசித்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். மாட்டைப் பார்த்தாள். காலையில் கொடுத்த மருந்து இந்த நேரத்துக்கு அவளை அசத்திவிடும்.

"தூக்கம் வருதும்மா."

அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். இமை மெல்ல இறங்கியது.

தூங்கவிடாமல் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவன் வாயெடுத்தான். மாரீஸ்வரி அவனைப் பார்த்தாள்.

தட்டித் தூங்க வைக்கிற பழக்கத்தில் அவள் கை பிள்ளையின் முதுகுக்கு மேல் உயர்ந்திருந்தது.

தட்டாமல் அப்படியே நின்றது.