பார்க்காமல் அடிக்கிற பந்து

பெரிய கால்பந்து கிளப் ஒன்று கோடி ரூபாய் கொடுத்து ஜெர்வாசிஸை வாங்கிப்போனது. அங்கே போனதிலிருந்து அவன் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஊர்க் கடற்கரை மன்றத்து டிவியில் ஒவ்வொரு தடவையும் இடது ஓரத்துக்கு ஓடி, வராத பந்துக்குக் காலைத் தூக்கினான். “கோடிய வாங்கிட்டு எங்க போயி நிக்கான் பாரு!” என்று யாரோ கத்த, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் கிளீட்டஸ். சின்ன வயதிலிருந்து அந்தக் காலுக்குப் பந்து போட்டவன் அவன்தான். வாங்க வந்தவர்கள் காலுக்கு மட்டும் விலை பேசினார்கள். பந்து எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

மறுநாள் ஜெர்வாசிஸ் கிளீட்டஸுக்குப் போன் பண்ணினான். “எலே மக்கா, இங்க எவனுக்கும் எனக்குப் பந்து போடத் தெரியல. நீ எப்படிப் போடுவேன்னு கோச்சு கேக்காரு. என்னன்னு சொல்ல?”

ஜெர்வாசிஸ் ஓடத் தொடங்கும் முன்பே, ஆளைப் பார்க்காமல், அந்தக் காலி இடத்துக்கு அடித்துவிட வேண்டும். பந்து விழும்போது கால் அங்கே இருக்கும். அவ்வளவுதான் விஷயம். கிளீட்டஸுக்கு அது நாக்கு நுனிவரை வந்தது.

“நீ போயி நின்ன பொறவு, பாத்துத்தாம்ல அடிப்பேன்.”

“அப்படியா?” என்றான் ஜெர்வாசிஸ். “நான் வேற மாதிரில்லா நெனச்சிருந்தேன். செரி மக்கா, நீ சொன்னா செரியாத்தான் இருக்கும்.”

சாயங்காலம் மணலில் ஆட்டம். எதிராளி நெருங்கியதும் கிளீட்டஸ் தலை நிமிராமல் இடது பக்கம் ஓங்கி அடித்தான். பந்து யாருமில்லாத மணலில் உருண்டு உருண்டு அலைக்குள் போனது.

“யாருக்குல அடிக்கே?” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.