ஐந்தரை மணி வித்தியாசம்

“ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் பனிமூட்டம்.”

ஜெரோம் வானிலை அறிக்கையை வாசித்து நிமிர்ந்தான்.

“அது நாம தூங்கிட்டிருக்கும்போதே முடிஞ்சு போச்சு. இப்ப வானம் சுத்தம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அறிக்கையில் போட்டிருப்பது கிரீன்விச் நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். விமானப் பயிற்சிப் பள்ளியில் முதல் வாரமே சொல்லித் தருவது. இரண்டு மணி என்றால் ஏழரை.

சுவர்க் கடிகாரத்தில் ஏழே கால்.

பதற்றத்தில் மறந்துவிட்டான். இன்றுதான் முதல்முறையாகத் தனியாகப் பறக்கப் போகிறான்.

அவளுக்குப் பின்னால் சேர்ந்தவன். வானிலைப் பாடத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவன். அதில் முதல் மதிப்பெண் அவளுடையது. ஆனாலும் பயிற்சியாளர் வரதன் சார் தலையில் தூக்கி வைத்து ஆடுவது அவனைத்தான். “காத்து இவன் சொன்ன பேச்சைக் கேக்குது” என்பார். அவளைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தனியாகப் பறக்கப் போகிறவரே அறிக்கையை வாசித்து, போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். தப்பிருந்தால் கூடப் படிக்கிறவர்கள் சொல்ல வேண்டும். சார் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். வாயைத் திறக்க மாட்டார்.

“யாராச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?”

ஜெரோம் கடைசியாக அவளைப் பார்த்தான்.

“நீ சொல்லு. வானிலையில நீதானே புலி.”

கேலி இல்லை. உண்மையாகத்தான் கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“ஒண்ணுமில்ல. போயிட்டு வா.”

போனான்.

ஜன்னல் வழியே பார்த்தாள். சின்ன விமானம் ஓடுபாதையை நோக்கி உருண்டது. மேலே போகட்டும். பனியைப் பார்த்து முழிக்கட்டும். அசடு வழியத் திரும்பி வரட்டும்.

எப்படித் திரும்பி வருவான் என்று அவள் யோசிக்கவில்லை.

ஏரிப் பக்கமிருந்து வெள்ளையாக ஏதோ நகர்ந்து வந்தது.

வரதன் சார் ரேடியோவை எடுத்தார்.

“ஜெரோம், கிளம்பாதே. வண்டியைத் திருப்பு.”

அவர் குரலில் அவசரமே இல்லை. முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் ஓடுபாதை இருந்த இடமே தெரியவில்லை.

ஜெரோம் வகுப்பு வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சார் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“அறிக்கையில ரெண்டு மணின்னா நம்ம ஊர்ல எத்தனை மணி? இத்தனை பேர்ல ஒருத்தருக்குமா தெரியல?”

அவள் கைதான் முதலில் உயர்ந்தது. இதற்காகத்தானே இத்தனை மாதமாகக் காத்திருந்தாள்.

“எனக்குத் தெரியும் சார். ஏழரை.”

“எப்பத் தெரிஞ்சுது?”

“அவன் வாசிச்சப்பவே சார்.”

பெருமையாகத்தான் சொன்னாள்.

ஜெரோம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.